மேல சொல்லியாச்சு

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு கணினி என்னைப் பார்த்து உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு தடவையா, இரண்டு தடவையா? காலையிலிருந்து மாலை வரை சொன்னது.

பதினாறு வருடம் ஜாவா என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதிச் சாப்பிட்டவள் நான். முதலில் கொழும்பில் ஒரு போர்டிங் அறையில் இருந்தேன். பிறகு கம்பனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று விட்டதும் மலைநாட்டில் நோர்வூட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் இங்கே பாடசாலை ஆசிரியர். மகள் அதே பாடசாலையில் படிக்கிறாள். அம்மா இன்னும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில்தான் இருக்கிறார், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். குடும்பம் ஒரே கூரையின் கீழ் இரவுச் சாப்பாடு சாப்பிடுவது இந்த ஒரு வேலையால்தான்.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஜாவாப் பிரிவை மூடப்போவதாகச் சொன்னார்கள். இனிமேல் எல்லாம் 'கோ' என்ற மொழியில்தான். அதைக் கற்று, ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் காட்டித் தேறுகிறவர்கள் இருக்கலாம். தேறாதவர்கள் வேறு இடம் பார்க்கலாம். வேறு இடம் என்றால் எனக்குக் கொழும்பு, மறுபடியும் போர்டிங் அறை.

எங்கள் குழுத்தலைவர் கொழும்புத் தமிழ்ப் பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவர். "உங்களுக்கு இது ரெண்டு கிழமை வேலை அக்கா, பயப்படாதீங்க" என்றார். நான் ஏன் பயப்படப்போகிறேன் என்று மனதுக்குள் சிரித்தேன். அவர் ஸ்கூல் பேக் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்திலேயே நான் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்கியவள்.

முதல் நாளே தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெயரை எழுதி வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டேன். அவ்வளவுதான், புரோகிராமே ஓடமாட்டேன் என்றது. ஜாவாவாக இருந்தால் ஓரமாக ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டு நம் வழிக்கு விட்டிருக்கும். நான் உயிராக நம்பியிருந்த பாதி விஷயங்கள் இதில் கிடையாது. அதிலும் ஒன்று இல்லாததுதான் என்னை அதிகம் படுத்தியது.

ஜாவாவில் ஏதாவது பிழைத்தால், அதாவது தப்பாகிப் போனால், அதை மேலே எறிந்துவிடலாம். நம்மை வேலைக்குக் கூப்பிட்ட மேல்வரிக்காரன் பிடிப்பான். அவனும் பிடிக்காவிட்டால் அவனைக் கூப்பிட்டவன் பிடிப்பான். 'கோ' மொழியில் அப்படி எறிகிற வழக்கம் இல்லை. ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், விடையோடு சேர்த்துப் பிழையையும் கையில் கொடுத்துவிடும். அதை என்ன செய்வது என்று அந்த இடத்திலேயே நாம் எழுத வேண்டும். மூன்று வரிக்கு ஒரு தடவை, பிழை வந்ததா, வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிப் பயந்து பயந்து எழுதுவதற்கா மொழி என்று பெயர்?

"என்ன, வாத்தியார் வீட்டம்மாவுக்கே இம்போஷிஷனா?" என்று கணவர் எட்டிப் பார்த்தார்.

"சும்மா போங்க நீங்க. இது மொழியே இல்ல, வம்பு" என்றேன்.

எழுதியதைக் குழுத்தலைவருக்கு அனுப்பினால் வரிக்கு வரி ஒரே கேள்வியோடு திரும்பி வந்தது: "இது பிழைச்சா என்ன செய்வீங்க அக்கா?" எரிச்சல் தலைக்கேறியது. கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். பிழை வந்தால் அதை அப்படியே கூப்பிட்டவனிடம் திருப்பிக் கொடு என்று ஒரு வரி. எல்லா இடத்திலும் அதையே ஒட்டினேன். மொழி வாயை மூடிக்கொண்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி எனக்குப் புதிதல்ல. லயத்தில் தகரம் ஒழுகினால் அப்பா தோட்டத் தலைவரிடம் சொல்வார். தலைவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். கணக்கப்பிள்ளை சின்னத் துரையிடம், அவர் பெரிய துரையிடம். அதற்கு மேலே கொழும்பு. எங்கள் வேலை அடுத்த ஆளிடம் சொல்வதோடு முடிந்தது. இன்றைக்கும் அம்மாவிடம் கூரையைப் பற்றிக் கேட்டால், ஒழுகுகிற தண்ணீருக்குக் கட்டில் மேல் ஒரு பேசின் பாத்திரத்தை வைத்துக்கொண்டே, "மேல சொல்லியாச்சுடி" என்பார். ஏதோ பாதி கூரையை மாற்றிவிட்டதைப் போல அவர் குரல் இருக்கும். நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

காட்டவேண்டிய நாள் வந்தது. காலைக் கூட்டம், திரையில் ஆறு முகங்கள். என் புரோகிராம் சுற்றுலா பங்களாக்களில் அறை பதிவு செய்வது. பெயரும் தேதியும் கொடுத்தால் சேமித்து வைத்துக்கொண்டு, அறை உறுதியாகிவிட்டது என்று பதில் சொல்லும். அழகாகச் சொன்னது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

"ஒரு நிமிஷம் அக்கா" என்றார் குழுத்தலைவர். பதிவுகளைச் சேமித்து வைக்கும் சர்வரை அவரே அணைத்தார். "இப்ப ஒரு புக்கிங் போடுங்க பாப்பம்."

போட்டேன். உங்கள் அறை உறுதியாகிவிட்டது என்று வந்தது.

இன்னொன்று போட்டேன். அதுவும் உறுதி. சேமிக்க இடமே இல்லை, ஆனாலும் உறுதி, உறுதி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு குடும்பம் பிள்ளைகளோடு மழையில் நுவரெலியா வரை ஏறி வந்து, பங்களா வாசலில் நின்று போனைக் காட்டுவதும், அங்கே அவர்கள் பெயரே இல்லாததும் கண் முன்னே வந்தது.

கீழேயிருந்து ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டு போனேன். எல்லோரும் சொன்னபடிதான் செய்திருந்தார்கள். கீழே இருந்தவன் பிழையை மேலே கொடுத்திருந்தான், அவன் அடுத்தவனிடம் கொடுத்திருந்தான். உச்சியில் இருந்த வரி அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. அந்த வரியையும் நான்தான் எழுதியிருந்தேன். பயன்படுத்தாத ஒரு பெயருக்காக அத்தனை கூச்சல் போட்ட மொழி, இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இதக் கடைசியா யாரு பிடிக்கிறாங்க அக்கா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"மேல..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டேன். ஜாவாவில் அந்த உச்சியில் ஏதோ ஒன்று எப்போதும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே யாரோ செய்து வைத்தது. பதினாறு வருடத்தில் ஒருநாள்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. யாராவது பிடிப்பார்கள் என்று நம்பியே இத்தனை காலம் எழுதியிருக்கிறேன். அது தெரிந்தபோது வந்த அதிர்ச்சியில், வேலை போகிறதே என்ற பயம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். முழுவதையும் அழித்துவிட்டு எழுதினேன். இது பிழைத்தால் நான் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டேன். ஒரே ஒரு வரிக்காக ஒரு காலை நேரம் முழுக்க, எதிர் மலையை மூடிய மூட்டம் கலைந்து மறுபடியும் மூடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் மறுபடியும் சர்வரை அணைத்தார். உங்கள் அறை பதிவாகவில்லை, தயவுசெய்து சற்றுப் பொறுத்து முயலுங்கள் என்று திரை சொன்னது. ஒரு தோல்விச் செய்தியைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"சரி அக்கா, பாஸ். திங்கள்ல இருந்து இது உங்க பொறுப்பு. எங்கயாவது உடைஞ்சா உங்க போனுக்குத்தான் கோல் வரும்."

"எனக்கு வந்து, எனக்கும் முடியலன்னா? எனக்கு மேல யாரு?"

அவர் சிரித்தார். "யாருமில்ல அக்கா. நீங்கதான் மேல."

கூட்டம் முடிந்து முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எங்கள் குடும்பத்தில் மேலே ஆள் இல்லாமல் யாரும் வேலை பார்த்ததில்லை. போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அறைக்குள் வந்த கணவர் என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போச்சா? விடு, பாத்துக்கலாம்" என்று தோளைத் தட்டினார். "வேலை போகல. இனி நான்தான் மேல" என்றேன்.