பொத்தான் இல்லாத கோட்டு

என் வீட்டுக்காரர் செத்த மறுநாளே எங்கள் வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் பாதி, துணி கேட்க வந்தவர்கள் பாதி. கடல் தாண்டி வந்து பிழைத்த குளுவாங்கில் அவர் டோபி. ரயில்வே குடியிருப்பு, சீன முதலாளிகளான தவுக்கேமார் கடைகள், சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகள் என்று அத்தனை பேருடைய அழுக்கும் எங்கள் வீட்டில்தான் வந்து வெளுத்தது. மூன்று நாள் காய்ச்சலில் அவர் போனபோது வீடு நிறைய ஊரார் துணி.

சொத்து என்று பார்த்தால் ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு வெள்ளாவிப் பானை, ஆற்றங்கரையில் துவைக்கிற பலகை. கடன் என்று பார்த்தால் அந்தத் துணிகள்தான். ஒரு துண்டுகூடப் பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவரை ஒருவரும் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லாவிட்டால் நானும் அவரோடு படுத்திருப்பேன்.

எந்தத் துணி எந்த வீடு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சேங்கொட்டை மையில் கழுத்துப் பட்டைக்குள் ஒரு புள்ளி, ஒரு கோடு என்று குறி போட்டிருப்பார். எந்தக் குறி யாருடையது என்று எனக்குச் சொன்னதில்லை. ஆகவே வாசலில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பிவிட்டேன். வந்தவர்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ரயில்வே குடியிருப்பு அம்மாள் ஒருத்தி தன்னுடையது போக இரண்டு தலையணை உறையும் சேர்த்து மடியில் சுருட்டிக்கொண்டாள். பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது கேட்பாரில்லாமல் கொஞ்சம் துணிதான் மிச்சம் கிடந்தது.

மறுநாள் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிராணியார் ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், ஒல்லி. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது, அவரையும் நிறுத்திவிட்டார்களாம். மிச்சத் துணியைப் பிரித்துப் பார்த்து, எல்லாம் தன்னுடையதுதான் என்றார்.

"கோட்டக் காணுமேம்மா."

"எந்தக் கோட்டுங்கய்யா?"

"வெள்ளக் கோட்டு. எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அடுத்த மாசம் ஊருக்குக் கப்பல் ஏறுறேன். போட்டுக்கிட்டுப் போவணும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஐந்து பித்தளைப் பொத்தான்கள். அந்தக் காலத்துக் கோட்டில் பொத்தானைத் தைத்துவிட மாட்டார்கள், வளையம் போட்டு மாட்டுவார்கள். பலகையில் அடித்தால் கெட்டுப்போகும் என்று சலவைக்குப் போடும்போது கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள்.

கிராணியார் பிரித்து வைத்திருந்த சட்டையின் கழுத்துப் பட்டையைப் பார்த்தேன். மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. எனக்குத் தெரிந்த குறிதான்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு வெள்ளைக் கோட்டு இருந்தது. மாரியம்மன் சன்னிதியில் எனக்குத் தாலி கட்டியபோது போட்டிருந்தது. அதன் கழுத்துப் பட்டைக்குள்ளும் இதே மூன்று புள்ளி, ஒரு கோடு. ஊரிலிருந்து கொண்டுவந்த சொந்தக் கோட்டு என்றார். நல்ல நாள் என்றால் அதை மாட்டிக்கொண்டு, நெஞ்சு தெரியத் திறந்துவிட்டபடி துரை மாதிரி நடப்பார். "ஏங்க, அஞ்சு பொத்தான் வாங்க வக்கில்லயா?" என்று எத்தனை தீபாவளிக்குத் திட்டியிருப்பேன்! "நாளைக்கு வாங்கிடலாம் புள்ள" என்பார். நாளைக்கு என்பதுதான் அவர் தொழிலுக்கே மந்திரம். துணி கேட்டு யார் வந்தாலும் நாளைக்கு. சில மாதம் அந்தக் கோட்டு பெட்டியில் இருக்காது. கேட்டால் வெளுக்கப் போட்டிருக்கிறேன் என்பார். டோபி வீட்டில் அதை யார் சந்தேகப்படுவது?

அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது அந்தக் கோட்டைத்தான் போட்டுவிடச் சொன்னேன். தாலி கட்டிய கோலத்திலேயே போகட்டும் என்று நினைத்தேன். நெஞ்சு திறந்து கிடந்தது மனசுக்கு ஒப்பவில்லை. கழுத்திலிருந்து வயிறு வரை வெள்ளை நூலால் நானே தைத்து மூடினேன். அப்படியே புதைத்தார்கள்.

"நாளைக்குத் தரேங்கய்யா" என்றேன் கிராணியாரிடம். அது என் வாயிலிருந்துதான் வந்தது.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் வர ஆரம்பித்தார். பட்டப்பகலில், கொடியில் துணி காய்கிற நேரத்தில். காற்றில் எல்லாச் சட்டையும் ஆடும், நடுவில் ஒன்று மட்டும் ஆடாது. உற்றுப் பார்த்தால் அவருடைய கோட்டு. தையல் போட்ட இடத்தை விரலால் தடவிக்கொண்டு நிற்பார். கோபம் கிடையாது. கடைக்குப் போய் எதை வாங்க வந்தோம் என்று மறந்துவிட்டவர் முகம். ஊரான் கோட்டோடு போக வழியில்லாமல் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பயந்தேன். அவர் வராத நாளில் இன்னும் பயந்தேன்.

கிராணியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். ஒவ்வொரு தடவையும் பொட்டலம் கையில் இருக்கும். நானும் நாளைக்கு, நாளைக்கு என்றே அனுப்பிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை அவர் நகரவில்லை.

"கப்பலுக்கு இன்னும் ஆறு நாளுதாம்மா இருக்கு. இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு."

நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். திருட்டுப் பயல் என்று தெருவே கேட்கக் கத்துவார், போலீஸ்கார மாத்தாவைக் கூட்டிவந்து குழியைத் தோண்டச் சொல்வார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே சொன்னேன். அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கல்யாணத்துக்குமா அதப் போட்டான்?"

"ஆமாங்கய்யா."

"நானும் என் கல்யாணத்துக்குத்தாம்மா தச்சேன்" என்றார். "பதினெட்டு வருசமாச்சு அவளப் பாத்து. அதப் போட்டுக்கிட்டு எறங்குனா அடையாளம் தெரியும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. கடனை அடைக்கிறேன் என்று கிளம்பியவள், அடைக்கவே முடியாத ஒன்றை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எழுந்து போகும்போது பொட்டலத்தை என் கையில் வைத்தார். "இதையும் அவன் குழியிலயே வச்சுடு. நான் குடுத்ததா இருக்கட்டும். இனிமே அது அவன் கோட்டு."

மறுநாள் காலை இடுகாட்டுக்குப் போனேன். கரண்டியால் ஒரு சாண் தோண்டிப் பொட்டலத்தை வைத்தேன். ஒரு பிடி மண்ணும் போட்டுவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. கோட்டு அவருடையதாகிவிட்டால், அவர் என் கொடிக்கு நடுவில் வந்து நிற்க ஒரு காரணமும் இருக்காது. மண்ணைக் கிளறிப் பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, வெறும் குழியை மூடிவிட்டு வந்தேன்.

கிராணியார் கப்பல் ஏறிப் போய்விட்டார். அவர் மனைவி அவரை அடையாளம் கண்டுகொண்டாளா என்று எனக்குத் தெரியாது. ஊராருக்கு ஒரு துணி பாக்கியில்லை. என் வீட்டுக்காரருடைய பாக்கியை மட்டும் நான்தான் அடைபடாமல் வைத்திருக்கிறேன். பொத்தான் ஐந்தும் என் பெட்டியில் இருக்கின்றன.

இன்றைக்கும் மத்தியானம் வந்தார். தையலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்குக் கொண்டாறேங்க" என்றேன்.