தூங்க மறுத்த பிராசஸர்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அயனம்பாக்கம் ஏரியில் நான் எடுக்கும் நாரை வீடியோக்களை வெட்டி ஒட்டுவதும் அதில்தான், என் மனைவி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதில்தான். நாரை அவசரப்படாத பறவை. அதன் வீடியோ அவசரமாகத் தயாராக வேண்டும் என்று எனக்கு மட்டும் தோன்றியது. இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, பிராசஸரை ஓவர்க்ளாக் செய்தேன். அதாவது, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டேன். தடுமாறக் கூடாதென்று வோல்டேஜை ஒரே அளவில் பூட்டி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதிகள் அத்தனையையும் அணைத்தேன். வீடியோ பறந்தது. நானும்தான்.

அடுத்து வந்த மின்தடையில், எப்போதும் முழு வகுப்புக்கும் தாங்கும் இன்வெர்ட்டர் பாதியிலேயே உயிரை விட்டது.

"ஏங்க, சனிக்கிழமை பராமரிப்புன்னு காலையிலேர்ந்து கரண்ட் கிடையாதாம். பரீட்சைக்கு முன்னாடி அதான் கடைசி கிளாஸ். அதுவும் நின்னுச்சுன்னா, உங்க ஸ்பீடையெல்லாம் கழட்டிடணும்" என்றாள் மனைவி.

கள்ளிக்குப்பத்திலிருந்து அவள் தம்பி வந்திருந்தான். "இன்னா மாமே, பொட்டி சும்மாதான கீது? எதுக்கு இந்தக் கத்து கத்துது?"

"ரெடியா இருக்கு மச்சான்."

"டிரைவரு டீ குடிக்க எறங்க சொல்லோ ஆக்சிலேட்டர் மேல செங்கல் வெச்சிட்டுப் போன மாரி கீது."

செங்கல் வைத்த மேதை நான்தான். வேலை இல்லாதபோது பிராசஸர் வேகத்தையும் வோல்டேஜையும் தானே குறைத்துக்கொண்டு தூங்கும். அந்தத் தூக்கத்தைத்தான் கெடுத்திருந்தேன்.

மறுபடி செட்டிங்ஸுக்குள் புகுந்தேன். உச்ச வேகத்தை மட்டும் விடவில்லை, விடுவேனா? வோல்டேஜ் வேலைக்கேற்ப ஏறி இறங்கும்படி மாற்றி, தூக்க வசதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். முதல் முயற்சியில் வோல்டேஜை ரொம்பக் குறைத்துவிட்டேன் போல, தூங்கப்போனது எழவேயில்லை, திரை உறைந்தது. கொஞ்சம் கூட்டினேன். வேகம் காட்டும் எண் சரசரவென்று இறங்கியது, பெட்டிக்குள் கத்திக்கொண்டிருந்த காற்றாடி அடங்கியது. வீடியோவைத் தட்டினேன், எண் எகிறியது. நிறுத்தினேன், இறங்கியது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கைதட்டினேன்.

"ஸ்பீடு ஏத்தறேன்னு உசுர வாங்கினே. இப்ப தூங்கிச்சின்னு குதிக்கிற. உன்கு இன்னாதான் வோணும் மாமே?"

"ரெண்டும்தான் வேணும்."

சனிக்கிழமை சொன்னபடி கரண்ட் போனது, வகுப்பு ஆரம்பித்தது. நான் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்பவனைப் போல இன்வெர்ட்டர் முன்னால் நின்றேன்.

"மூச்சாவது உடலாமா?" என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

பாடம் முடிந்தது. யாரோ ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்ததும் இன்னொரு பிள்ளைக்கு வந்தது. மனைவி சளைக்காமல் விளக்கினாள், எனக்குத்தான் தொண்டை வறண்டது. கடைசிப் பிள்ளைக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு அவள் திரும்பியபோதும் இன்வெர்ட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"சரி, ஸ்பீடு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "முதல்ல ஃபேனைப் போடுங்க."

போட்டேன். நான் திரும்புவதற்குள் மைத்துனன் அதற்கு நேர் கீழே போய்ப் படுத்துவிட்டான்.