ஓடாத மிஷினின் குங்குமம்

மிஷினின் மூடியைக் கழற்றிய அன்று சுற்றி நின்றவர்கள்: மில் முதலாளி. மிஷினைத் துடைத்துவந்த கோவிந்தன். அவன் பெண்சாதி அஞ்சலை, பருப்புச் சலிப்பவள். மூட்டை தூக்கும் நான். நேற்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பைக் கடையில் கிரீஸ் டப்பாவைத் திறந்தார்கள். அந்த வாசனையில் நாலு பேரும் என் நினைவில் வந்து நின்றோம்.

அறுபதுகளின் தொடக்கம். மல்லாட்டை உடைக்கும் மில்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. ஓடுவது ஒரு மிஷின். அதன் பக்கத்திலேயே புதிதாய் இன்னொன்றை இறக்கி வைத்திருந்தார் முதலாளி. பங்குனியில் அதுவும் ஓடும், ஓட்டப்போகிறவன் கோவிந்தன் என்று சொல்லியிருந்தார். நிரந்தர வேலை. அதை நம்பி, பிரம்மதேசத்தில் அம்மா வீட்டில் விட்டிருந்த பிள்ளையை அழைத்து வர இருந்தாள் அஞ்சலை.

மிஷின் ஓடினால் தரை அதிரும். கீழே வைத்த டீ கிளாஸ் தானாக நகரும். என் டீயைப் பாதி நாள் தரைதான் குடித்தது.

ஆயுத பூஜைக்குக் கோவிந்தன் புது மிஷினைக் குளிப்பாட்டினான். தண்டு சுழல வளையத்துக்குள் உருளைகள் வைத்த பேரிங்கையும் விடவில்லை. அதில் அடைத்து வந்த கிரீஸை அழுக்கென்று வழித்தான். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான். உருளைகள் பளபளத்தன. மூடியை மாட்டி அதன்மேல் சந்தனம், குங்குமம் வைத்தான்.

“பொண்டாட்டி மூஞ்சிய ஒரு நாளு இப்பிடித் தொடச்சி வுட்டிருப்பியா?” என்றாள் அஞ்சலை.

“இது சோறு போடப் போவுதுடி.”

“அப்ப நான் போட்டதெல்லாம் இன்னா, மண்ணா?”

கார்த்திகையில் பேரிங் மூடியின் ஓரம் சிவப்பாய்ப் பொடி கசிந்தது. பூஜைக் குங்குமம் உதிர்கிறது என்றோம். கோவிந்தன் தொட்டு நெற்றியில் வைத்தான். நானும் வைத்தேன். குங்குமத்தில் மண்ணெண்ணெய் வாடை ஏன் என்று தோன்றவில்லை.

பங்குனியில் பெல்ட் மாட்டியதும் மிஷின் அலறியது. நிறுத்தி மூடியைக் கழற்றினோம். பேரிங் வளையம் பள்ளம் பள்ளமாய்த் தேய்ந்திருந்தது.

“ஓடாத மிஷினு எப்பிட்றா தேயும்? ராவுல எவன் ஊட்டு மல்லாட்டய ஒடச்சிக்கினு இருந்தே?” என்றார் முதலாளி.

“தொடச்சதோட செரிங்க. கற்பூரம் அணச்சி சொல்றேங்க.”

“அப்ப பேயி வந்து ஓட்டிச்சா?”

“எம்புள்ள மேல சத்தியங்க,” என்றாள் அஞ்சலை. அவர் திரும்பவில்லை. அன்றே இருவரையும் அனுப்பிவிட்டார். எறிந்த பேரிங்கின் வெளிவளையத்தை நான் எடுத்துக்கொண்டேன். பானை வைக்க ஆகும் என்று.

பிறகு விழுப்புரத்தில் ஒரு லாரிப் பட்டறைக்குப் போனேன். அங்கே சும்மா நின்ற மோட்டாருக்குக் கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தார் மெக்கானிக். ஓடாததற்கு எதற்கு என்றேன்.

“நிக்கறதுக்குத்தான்யா வேணும். பக்கத்துல அதிர்ந்துகினே இருந்தா, உருள அதே எடத்துல ஒரசும். நடுவுல கிரீஸ் இல்லன்னா இரும்ப இரும்பு தின்னும். துரு செவப்பாக் கொட்டும். கிரீஸ் வெச்சி, அப்பப்ப கையால சுத்தி வுடணும்.”

ஓடித் தேய்ந்தால் சுற்றிலும் தேயுமாம். நின்று தேய்ந்தால் உருளை உட்கார்ந்த இடம் மட்டும்.

பிரம்மதேசம் போய்க் கேட்டேன். திருட்டுப் பட்டத்தோடு கோவிந்தன் எங்கோ போய்விட்டான். அஞ்சலையும் பிள்ளையும் அவன் பின்னால். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. மில்லுக்குப் போனேன். முதலாளி செத்திருந்தார்.

மில் இருந்த இடம் இப்போது கல்யாண மண்டபம். பானையும் இல்லை. வளையம் இருக்கிறது. சுற்றிலும் வழவழப்பு. கனம் உட்கார்ந்த அடிப்பக்கம் மட்டும் உருளைக்கு ஒரு பள்ளம். நேற்று வீட்டுக்கு வந்து பள்ளங்களை எண்ணினேன்.

ஏழு.