இரண்டாவது வேட்டு

இலுப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா கல்குவாரியில் பாறைக்குத் துளை போடுகிற வேலை பார்த்தார். துளைக்குள் மருந்து வைத்து மத்தியானம் வெடிப்பார்கள். ஒரே ஒரு வேட்டு, வீட்டுப் பாத்திரங்கள் அதிரும், அதோடு சரி. அதற்கெல்லாம் நான் பயந்ததில்லை, ஆறாம் வகுப்பில் எரிமலைப் பாடம் நடத்தும் வரைக்கும்.

டீச்சர் ஜன்னல் வழியே மொட்டைப் பாறையைக் காட்டினார். “இதெல்லாம் ஒரு காலத்துல பூமிக்குள்ள கொதிச்சுக் கெடந்த கொழம்பு. வெளிய வராம உள்ளயே ஆறிப் பாறையாயிருச்சு” என்றார். வெளியே வந்த இடங்களில் புகையும் சாம்பலும் வெயிலை மறைத்து, உலகமே குளிர்ந்து, பயிர்பச்சை விளையாமல் போனதும் உண்டாம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே ஆறிவிட்டது என்றும் சொன்னார். அது மட்டும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை அப்பாவிடம் கெஞ்சினேன். “ரொம்ப ஆழமா ஓட்டை போடாதீங்கப்பா. அடியில நெருப்பு இருக்கு.”

அப்பா சிரித்தார். “எம்புட்டுத் தோண்டுனாலும் தண்ணிதான் ஆத்தா ஊறுது.”

அம்மா சிரிக்கவில்லை. “பிள்ளைக்கே பயமா இருக்கு. வேற வேலை பாக்கலாம்ல?” என்றாள். அம்மாவும் என் கட்சி என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்தச் சனிக்கிழமை வழக்கமான வேட்டு கேட்டு அடங்கியது. சற்று நேரத்தில் இன்னொன்று கேட்டது. அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன். குவாரிப் பக்கம் புழுதி எழும்பி வெயில் மங்கியிருந்தது. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அழுதுகொண்டே ஓடினேன். எனக்கு முன்னால் அம்மா ஓடிக்கொண்டிருந்தாள், காலில் செருப்பில்லாமல், கையில் ஒட்டிய மாவோடு.

“உள்ள போகாதீங்கக்கா! வெடிக்காம நின்ன குழி ஒண்ணு இப்பத்தான் வெடிச்சிருக்கு” என்று ஒருவர் மறித்தார். அம்மா அவரைத் தள்ளினாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேயாவது சிவப்பாக வழிகிறதா என்று. புழுதிக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் ஒரே வெள்ளை, யார் யாரென்று தெரியவில்லை. கடைசியாக அப்பா வந்தார், ஒரு காதைப் பொத்திக்கொண்டு. அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கொழம்பு வரலம்மா. பயப்படாதம்மா” என்று அவள் தோளைத் தொட்டேன். என்னைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதாள்.

உலகம் பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அப்பா மறுபடி வேலைக்குக் கிளம்பியபோது அவள் ஏன் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.