சிரித்தால் கசிந்த காலம்

முதல் தடவை நடந்தபோது பழியைக் குழந்தைமேல் போட்டேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் கணவர் அருள் மகளுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கை நுழைய வேண்டிய இடத்தில் காலை நுழைத்துவிட்டு, "இன்னாடி இது, தல போற ஓட்டையே காணோம்?" என்று தேடினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். தொடையில் சூடாக ஈரம் பட்டது. "பாருங்க, உங்க பொண்ணு என்னைய நனைச்சிட்டா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. குழந்தை அவர் மடியில் இருந்தாள்.

எனக்குச் சுகப்பிரசவம். அந்தப் பெயரை வைத்தவர் கண்டிப்பாகப் பிள்ளை பெற்றிருக்க மாட்டார். பெரிய குழந்தை, நீண்ட வலி, தையல் வேறு. ஆனால் சுகப்பிரசவம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எதையும் சொல்ல முடியாது. "வயித்த கிழிக்காம பொறந்துச்சே, உனக்கு இன்னா குறை?" என்று ஊரே கேட்கும்.

நான் சிரிக்கப் பிறந்தவள். விழுப்புரத்தில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. நான் சிரித்தால் கல்லாவில் இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் சிரிப்பை அடக்கப் பழகினேன். தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொண்டு நின்றேன். "புள்ள பெத்ததும் பெரிய மனுஷி ஆயிட்டாடி" என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். வீட்டில் மகள் பொக்கை வாயைத் திறந்து கெக்கெக்கே என்று சிரிக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எரிச்சலில் அழுதிருக்கிறேன். பெற்ற பிள்ளையோடு சேர்ந்து சிரிக்க முடியாதவள் என்ன அம்மா?

இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி இருந்தால், நான் செய்த தப்பை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீரை நிறுத்தினேன்.

பிள்ளை பெற்ற புதிதில் என் மாமியார் பிலோமினா அத்தை தண்ணீரை அளந்துதான் கொடுத்தார். "பச்ச உடம்புக்குத் தண்ணி ஏத்தக் கூடாது" என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை நானே நீட்டித்துக்கொண்டேன். குடித்தால்தானே கசியும்? விழுப்புரத்துக்குப் பேருந்தில் போகும்போது விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டிகள் தேங்கினால் உயிரே போகும். அதனால் காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. பலன் என்ன? எரிச்சல், நடுக்கம், காய்ச்சல். பால் வேறு குறைந்தது. அருள் வண்டியில் உட்கார வைத்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

சிறுநீர்த் தொற்று என்று மருந்து எழுதிய பெண் மருத்துவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "இருமினா, சிரிச்சா கசியுதாம்மா?"

யாரும் கேட்காத கேள்வி. நான் பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

"அதுக்குப் போயா தண்ணி குடிக்காம இருந்த? குடிக்கலன்னா மூத்திரப் பை இன்னும் எரியும், இன்னும் அவசரப்படுத்தும். பால் குடுக்கறவ நீ, நல்லா குடி. இத சரி பண்ணலாம்."

அழுத்தக் கசிவு (சிரிப்பு, இருமல், தும்மலின் அழுத்தத்தில் சிறுநீர் கசிவது) என்றார். பிரசவத்தில் இடுப்புத்தளத் தசைகள் (சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலைக் கீழிருந்து தாங்கும் தசைகள்) தளர்ந்திருக்கின்றன, பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும் என்றார். இயன்முறை மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவில் இருந்த பெண் சொல்லிக்கொடுத்தாள். சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி மேலே தூக்க வேண்டும். மெதுவாகப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அதே அளவு தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை.

கேட்பதற்குச் சுலபம். முதல் நாள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து நான் இறுக்கியதெல்லாம் முகத்தைத்தான். "வயிறு வலிக்குதா? ஆட்டோ கூப்பிடட்டா?" என்று அருள் பதறினார். அவரைக் கடைக்கு விரட்டினேன்.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பண்ணிக்கினு இருக்க?"

சொன்னேன். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

"எனக்கும் சொல்லிக்குடு."

"உங்களுக்கா? எப்பலேருந்து அத்த?"

"அருள பெத்ததுலேருந்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயிலில் கடைசி பெஞ்சில், கதவோரம்தான் உட்காருவார். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் பேருந்து போகும், ஒருமுறைகூட ஏறியதில்லை. "வூட்ட யாரு பாத்துக்கறது?" என்பார். எங்கள் வீட்டில் திருட ஒரு பழைய மிக்சியைத் தவிர என்ன இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். மாதா மேல் உயிரையே வைத்திருந்தவர், பேருந்துக்குப் பயந்து அவளைப் பார்க்கப் போகாமல் இருந்திருக்கிறார்.

அடுத்த தடவை மருத்துவமனைக்கு அவரையும் அழைத்துப்போனேன். அத்தைக்குக் கருப்பை இறக்கமும் (தாங்கும் தசைகள் தளர்ந்து கருப்பை கீழே சரிவது) இருந்தது. பெசரி (கருப்பையைத் தாங்க உள்ளே பொருத்தும் மெத்தென்ற வளையம்) வைத்தார்கள். வெளியே வந்தவர் நடைபாதையில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். "அடியே, ஒண்ணும் கீழ எறங்கலடி!" என்று அவர் கத்தியதில் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

பயிற்சிக்கு எண்ணுவதுதான் அத்தைக்குச் சிக்கல். நடுவில் எண்ணிக்கை தவறிவிடும். வழியை அவரே கண்டுபிடித்தார். மாலை ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் மன்றாட்டின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வோம் அல்லவா? முன்பாதி முழுக்க இறுக்கு, பின்பாதி முழுக்கத் தளர்த்து. பத்து மணிகள் உருண்டால் ஒரு வேளைப் பயிற்சி முடிந்தது.

"தப்பில்லியே அத்த?"

"இதுல இன்னா தப்பு? மாதாவும் புள்ள பெத்தவதான."

அன்பியக் கூட்டத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது) நாங்கள் இருவரும் அசையாமல், கண்ணை மூடி, முகம் இறுக ஜெபிப்பதைப் பார்த்த பங்குச்சாமியார், "இந்த மாமியார் மருமகளப் பாத்துக் கத்துக்குங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். அத்தை என் தொடையைக் கிள்ளினார். சிரிப்பு குபீரென்று வந்தது. பழக்கத்தில் பயந்து இறுக்கினேன். தசை தாங்கிவிட்டது! நான் நனையவில்லை. ஜெபம் நடக்கும் வீட்டில் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

முழுக்கத் தேற மாதங்கள் ஆயின. இப்போதும் சளி பிடித்தால் ஒரு துளி கசிவதுண்டு. அது என்னை வீட்டில் உட்கார வைப்பதில்லை. பயிற்சியில் தேறாதவர்களுக்கு வேறு மருத்துவமும் இருக்கிறது. வாயைத் திறந்து கேளுங்கள்.

இந்த வருஷம் வேளாங்கண்ணிப் பேருந்தில் எல்லோரும் ஏறினோம். மகள் என் மடியில், அத்தை ஜன்னலோரம். கடலூரில் ஒதுங்கிவர வண்டியை நிறுத்தி, "எறங்கறவங்க எறங்குங்க, ஜல்தி!" என்று ஓட்டுநர் கத்தினார். அத்தையைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

சிதம்பரம் நெருங்கும்போது விழித்தார். "கடலூரு வந்துடுச்சா?"

"எப்பவோ தாண்டியாச்சி அத்த."

எந்த ஊரில் எங்கே ஒதுங்கலாம் என்றே முப்பது வருஷம் வழியை அளந்தவர், வெளியே ஓடிய வயலை எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்தத் தண்ணி பாட்டில குடு. தாகமா கீது."