ஒரு விரற்கடை எழுந்த நிலம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடொன்றில் குடியிருந்த வேலாயுதத்துக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. நிலம் அளக்கும் ஐயா தூரத்திலிருந்து கண்ணாடி வழியே பார்க்க, இவர் எண் போட்ட கோலை நட்டுக்குத்தலாகப் பிடித்து நிற்க வேண்டும். ‘இதெல்லாம் ஒரு வேலையா?’ என்பார்கள். வெயிலில் கால் மணி நேரம் ஆடாமல் நின்று பார்க்கட்டும், தெரியும் சேதி!

1927இல் ரயில்கள் நிற்கும் கிள்ளான் யார்டில் வம்பு வந்தது. உயரம் பார்க்க அங்கே நட்டிருந்த கல், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஏட்டில் உள்ளதைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருப்பதாக அளவு காட்டியது. அளவெடுத்த யாழ்ப்பாணத்து யோகநாதன் கொதித்துப்போனார்.

“வழியிலை எங்கேயோ கோலைச் சரிச்சுப்போட்டாய். கல்லு தானா வளருமே? நாளைக்கும் இப்பிடி வந்தால் வேறை ஆளைத்தான் பிடிக்கவேணும்.”

வேலாயுதத்துக்கு மனசில் ஒன்று உறுத்தியது. மனுஷனுக்குப் பொய் வராது, கேட்காமலே கொட்டிவிட்டார்.

“சாய்க்கலைங்கய்யா. ஆனா வருஷாவருஷம் ஆயுத பூசைக்கு அந்தக் கல்லுக்கும் சந்தனம் அப்புவேன். அதுவும் நமக்குச் சோறு போடுற சாமான்தானுங்களே?”

யோகநாதன் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலை இருவரும் குந்தி உட்கார்ந்து, காய்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் சுரண்டினார்கள். மறுபடி முதலிலிருந்து அளந்தார்கள். ஓர் அரிசி அளவு குறைந்தது. மீதி அப்படியே நின்றது.

வேலை போயிற்று என்றே நினைத்து வேலாயுதம் தலை குனிந்தார். கல்லுக்குப் பக்கத்தில் புல் முளைக்காத வெற்றுத்தரை கண்ணில் பட்டது.

“ஐயா, இங்க ஆறேழு வருஷமா மலையாட்டம் கருங்கல்லு குவிஞ்சு கிடந்துச்சுங்க. போன வெள்ளத்துல தண்டவாளக் கரை உடைஞ்சப்ப, அதை அடைக்க எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. சேத்து நிலம், மேல இருந்த பாரம் போனா எந்திரிக்காதுங்களா?”

யோகநாதன் குனிந்து அந்த வெற்றுத்தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, எங்கோ படித்ததை நினைத்துச் சொன்னார். ஐரோப்பாவின் வடக்கே மைல் கணக்கில் உறைந்து கிடந்த பனி உருகிப் போய் ஆயிரக்கணக்கான வருஷமாகிவிட்டதாம். அதன் கீழ் அழுந்திய நிலம் மட்டும் இன்னும் மெல்ல மெல்ல எழுந்துகொண்டே இருக்கிறதாம்.

“இன்னுமா? பாவம், எம்புட்டுப் பாரத்தைத் தாங்குச்சோ!”

“பிழை என்னிலைதான், வேலாயுதம். மன்னிச்சுக்கொள்” என்று சொல்லி, அவர் ஏட்டில் புது அளவை எழுதினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி பவுனம்மாளிடம் வேலாயுதம் எல்லாவற்றையும் சொன்னார். நிலம் எழுந்ததை அவள் உடனே நம்பினாள். ஐயா மன்னிப்புக் கேட்டதைத்தான் கடைசிவரை நம்பவில்லை.