மாமரத்துக்கு வந்த நோய்

எங்கள் பக்கத்தில் யாருடைய செடியாவது வாடினால் முதலில் எனக்குத்தான் படம் வரும். சுபஹ் தொழுதுவிட்டுக் கைபேசியை எடுத்தால் வட்ஸ்அப்பில் வரிசையாக இலைகள். "டீச்சர், இதுக்கு என்ன அடிக்கிற?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என்ன நோய் என்று கேட்பவர்கள் குறைவு. கடைக்காரன் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்து முடித்து, செடி செத்த பிறகு படம் அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் ஜனாஸா அறிவித்தல்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஆனால் செடியைப் பற்றிப் படித்தது புத்தகத்தில் இல்லை. எங்கள் சாய்ந்தமருதில், சுனாமியாகக் கடல் வந்துபோன மணலில் வைத்ததெல்லாம் சாகச் சாகப் படித்தது. அடியிலுள்ள பழைய இலை மஞ்சளானால் பசளை போதாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மண்ணில் சிப்பித் தூள் கூடிவிட்டது, செடிக்கு இரும்பு ஏறவில்லை. இலை சோர்ந்து தொங்கினால் தண்ணீர் காணாது என்று இன்னும் ஊற்றுவார்கள், வேர் ஏற்கெனவே அழுகிக் கிடக்கும். நுனியும் ஓரமும் கருகிக்கொண்டு உள்ளே வந்தால் உப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு மருந்தும் வேண்டாம், கண் இருந்தால் போதும். வெயில் கொளுத்துகிற முற்றத்தில் அந்தூரியம் வைத்துவிட்டு வந்து அழுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடற்காற்றுப் படுகிற பக்கத்துக்கு அரளி வையுங்கள், போகன்வில்லா வையுங்கள் என்றால், "அது எல்லார்ர ஊட்டயும் இரிக்கே" என்பார்கள். எல்லார் வீட்டிலும் ஏன் இருக்கிறது என்று யோசிக்க மாட்டார்கள்.

நான் இப்படிப் பொரிந்து தள்ளும்போது என் இளைய மகள் பக்கத்தில் இருப்பாள். எனக்குச் சின்ன எழுத்துப் பிடிபடாது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் நான் சொல்வதை எழுதி அனுப்புவதும் அவள்தான். என் திட்டுகளை வெட்டிவிட்டு மருந்தை மட்டும் அனுப்புவாள். முப்பதை எட்டப் போகிற பிள்ளை. அதிர்ந்து ஒரு வார்த்தை கதைக்க மாட்டாள்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வோம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்தவளுக்குக் கலியாணம் வந்தபோது நாங்கள் இருந்த கல்வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் கணவரும் இளையவளும் பின்னாலுள்ள இரண்டு அறைக்கு மாறினோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் உம்மாவும் எனக்காக அப்படித்தான் மாறினா. மிச்சமாகக் கிடந்தது கிணற்றடியிலிருந்து பின்மதில் வரைக்குமான ஒரு துண்டு நிலம். அதன் நடுவில் என் மாமரம்.

கடல் வந்த பிறகு அந்தத் துண்டில் புல்கூட முளைக்கவில்லை. மாரி மாரியாக மழை கழுவிய பின்தான் மண் ஆறியது. முருங்கை வைத்தேன், செத்தது. தோடை வைத்தேன், செத்தது. மூன்றாவதாக வைத்த கறுத்தக்கொழும்பான் மாங்கன்றுதான் பிடித்தது. அது காய்த்த முதல் வருசம் ஒரு பழத்தை ஆறாக வெட்டி வீடு வீடாகக் கொடுத்தேன். எனக்கு அந்த மரம் பிள்ளை மாதிரி என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகளிடம் எனக்கு அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

இளையவளுக்குப் பேசி வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் வந்தார்கள். தேநீர் குடித்தார்கள், பிள்ளை நல்ல பிள்ளை என்றார்கள், பிறகு "ஊடு எங்க?" என்றார்கள். கணவர் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். அவர்கள் மாமரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அத்திவாரம் போட்டதும் சொல்லுங்கள், வருகிறோம் என்பார்கள். கடைசியாக வந்தவர்கள் சம்மாந்துறைப் பக்கம். பையனுக்கு அரசாங்க வேலை, அமைதியான முகம். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

"மரத்த வெட்டினாத்தானே அத்திவாரம் போடலாம்," என்றார் கணவர் அன்று பின்னேரம்.

"மூத்தவட ஊட்டுக்கு மேல ஒரு தட்டுக் கட்டுங்களன்."

"மருமகன் ஓம்பட மாட்டாரு. கேட்டுப் பாத்துட்டன்."

"அப்ப, ஊடு கேக்காம வாற ஒரு ஆம்புளயக் கூட்டிவாங்க. நான் கையால சோறு தீத்திறன்," என்றேன். இளையவள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகத்தான் சொன்னேன். அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் உண்மையான கோபம், இப்போதும் இருக்கிறது. ஒரு பெண்ணை எடுக்கக் கல்லும் சீமெந்தும் எண்ணுகிறவர்களுக்காக நான் ஏன் மரத்தை வெட்ட வேண்டும்?

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மரத்துக்கு நோய் வந்தது.

முதலில் நுனிகள் கருகின. பிறகு ஓரங்கள். பிறகு காற்றில்லாமலே இலை கொட்டத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரி கண்ணூறு என்றா. கணவர் கல்முனைக்குப் போய் யாரோ சொன்ன பூஞ்சண மருந்தொன்றை வாங்கி வந்து, பாவம், தானே கரைத்து ஊற்றினார். மூத்தவள் தன் பின்வாசலில் நின்று கறையான் என்று கத்தினாள். ஒரு இலையைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உப்பு. கடல் மறுபடியும் நிலத்துக்குக் கீழால் ஏறுகிறது என்று நினைத்தேன். கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். இனித்தது.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கடல் இருப்பது எங்கள் பின்மதில் பக்கம். மதிலோரம் நிற்பது ரோசாவும் அவரையும். அவரையைப் போல உப்புக்குப் பயந்த செடி கிடையாது, ஒரு துளி பட்டாலே முகத்தைச் சுருக்கிக்கொள்ளும். கீழால் உப்பு ஏறினால் முதலில் அவரை சாக வேண்டும், மாமரம் கடைசி. இங்கே அவரை தளதளவென்று பூத்து நிற்கிறது. மாமரத்தடியில் மட்டும் வட்டமாகப் புல் கருகியிருக்கிறது. விரலால் மண்ணை நோண்டி நாக்கில் வைத்தேன். மேல் மண் கரித்தது. உப்பு மேலிருந்து வந்திருக்கிறது.

கணவர் மேல்தான் முதலில் பாய நினைத்தேன். ஆனால் அந்த மனிசன் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் குந்தி, விழுந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஒரு நேரச் சோற்றை நிம்மதியாகத் தின்னத் தெரியாத ஆள். அவர் இல்லை.

கை கழுவக் குளிக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே பூமரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாளி கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். உள்விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்த பொருக்கு. நகத்தால் சுரண்டி அதையும் நாக்கில் வைத்தேன். நிமிர்ந்தபோது இளையவள் வாசலில் நின்றாள். எனக்கு முழங்கால் நோவு வந்ததிலிருந்து, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள் ஒருத்திதான்.

கை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை. அடிக்கட்டும் என்று நின்றாள். அதனாலேயே என் கை இறங்கிவிட்டது.

"வெட்டச் சொல்லிக் கேட்டிரிக்கலாமே மகள்," என்றேன்.

"கேட்டா வெட்டிரிப்பீங்களா?"

நான் வாளியை மறுபடியும் கவிழ்த்து வைத்தேன்.

"மரம் நிக்கிற வரைக்கும் எனக்கு ஊடு இல்ல உம்மா," என்றாள். "எத்தின பேரு அண்ணாந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க வெட்ட மாட்டீங்க. வாப்பாக்கு ஒங்களோட கதைக்க ஏலாது. நான் என்ன செய்யிற?"

ஏன் உப்பு என்று கேட்டேன். உப்பென்றால் கடல் என்று நான் விட்டுவிடுவேன், யாரையும் ஏச மாட்டேன் என்று நினைத்தாளாம். என்னிடம் படித்தவள். அவரையை மட்டும் யோசிக்கவில்லை. சொல்லும்போது அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் கோபத்தில் வந்த அழுகை. மரத்துக்காகவும் கோபம், அவள் வாளி வாளியாகக் கரைத்து ஊற்றிய அத்தனை பின்னேரமும் நான் அறைக்குள் இருந்து ஊரார் வீட்டு இலைகளுக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தேனே என்றும் கோபம்.

மஃரிப் தொழுதுவிட்டுக் கணவர் வந்து கேட்டார். "என்ன நோவு எண்டு பாத்தியா?"

"கடல்தான்," என்றேன். "உப்பு ஏறிட்டு. இனித் தப்பாது. நாளைக்கு ஆளக் கூட்டிவந்து வெட்டுங்க."

நான் சொல்லும் நோயில் அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. "அல்லாஹ்ட நாட்டம்," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். குசினியில் கோப்பைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மரம் வெட்டுப்பட்டது. உப்பு மண்ணில் கட்டினால் சுவர் பூத்துக் கொட்டும் என்று மேசன் சொல்லி, வேரடி மண்ணை அள்ளி அப்புறப்படுத்தி ஆற்று மணல் போட்டார். அத்திவாரத்தைப் பார்க்கச் சம்மாந்துறையிலிருந்து வந்தார்கள். இந்த முறை அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லை, குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை நல்லவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுவர் எழும்பி நிலை வைத்த அன்று பின்னேரம் இளையவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த வாளிக்குப் பிறகு எங்களுக்குள் செடியைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. ஊரார் அனுப்பும் படங்களை நானே கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் மணலாகக் கிடந்த தன் வாசலைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, ஊரார் கேட்பதைப் போலக் கேட்டாள். "உம்மா, முன்னால நிழலுக்கு என்ன மரம் வெச்சா நல்லம்?"

வேம்பு, புங்கை, நெல்லி என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்கள் வாய் வரைக்கும் வந்தன. எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் காற்று என்று எனக்குத் தெரியாத மண்ணா அது?

"தரையில ஒண்டும் வைக்காத மகள்," என்றேன். "ஒனக்கும் பொம்புளப் புள்ள பொறக்கும்."